ஸ்கோர் ஷீட்டில் என் கையெழுத்து மட்டும் இருந்தது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வாரம் தங்கள் நாளிதழின் உள்பக்கத்தில் நாலு வரிச் செய்தி ஒன்று வந்திருந்தது. ஊர்க் கபடிப் போட்டியில் மாணவருக்குத் தலையில் அடி, கோவை ஆஸ்பத்திரியில் சேர்ப்பு, விழாக் குழுவினரிடமும் நடுவரிடமும் போலீசார் விசாரணை. கடைசி வரியில், 'நடுவரின் அலட்சியமே காரணம் என உறவினர்கள் குற்றம் சாட்டினர்' என்று முடித்திருந்தீர்கள். அந்த நடுவரை எனக்குத் தெரியாது. அந்த ஆட்டத்தையும் நான் பார்க்கவில்லை. ஆனால் 'அலட்சியம்' என்கிற அந்தச் சொல்லோடு நான் ஒரு வருஷத்துக்கு மேலாகக் குடித்தனம் நடத்துகிறேன். அதனால்தான் இந்தக் கடிதம்.

எனக்கு வயது 56. மஞ்சள் மண்டியில் கணக்கு எழுதுவது பிழைப்பு. ஞாயிற்றுக்கிழமை, நோம்பி நாள், தை மாசம் முழுக்க என்றால் கழுத்தில் விசில். முறையாக நடுவர் தேர்வு எழுதித் தேறி 24 வருஷம் ஆகிறது. ஒரு ராத்திரிக்கு 700 ரூபாய், பெட்ரோலுக்குத் தனியாக நூறு, பசித்தால் புரோட்டா. சில ஊரில் துண்டு போர்த்துவார்கள். வீட்டில் அப்படி 31 துண்டு இருக்கிறது. இதை வருமானம் என்று சொன்னால் என் சம்சாரம் சிரிப்பாள்.

2025 தைப் பொங்கல். கீழ்பவானி வாய்க்கால் ஓரத்தில் ஒரு ஊர். பெயர் வேண்டாம், அங்கே இன்னும் எனக்கு ஒறம்பரை, சொந்தபந்தம் இருக்கிறது. சாயங்காலம் ஆறே முக்காலுக்குப் போய் இறங்கினேன். தளத்தில் குறை சொல்ல முடியாது. செம்மண்ணோடு மரத்தூள் கலந்து, தண்ணீர் தெளித்து, உருளை விட்டு, சுண்ணாம்புக் கோடு போட்டிருந்தார்கள். நாலு மூலையிலும் இரும்பு பைப் நட்டு போக்கஸ் லைட். அதில் வடகிழக்கு மூலைக் கம்பம் ஓரக்கோட்டிலிருந்து என் காலால் அளந்து நாலடி.

கபடி விதிப்புத்தகம் எல்லைக்கோட்டுக்கு வெளியே 4 மீட்டர் காலி இடம் கேட்கிறது. மீட்டர், அடி இல்லை. முன்னே எல்லாம் இதை நாங்கள் அவ்வளவாகக் கண்டுகொண்டதில்லை. பிடித்தால் காலைப் பிடித்து உள்ளே இழுப்பார்கள், ஆள் தளத்துக்குள்ளேயே விழுவான். 2014-ல் டிவியில் புரோ கபடி வந்த பிறகு நம் பையன்களும் 'டேஷ்' அடிக்கப் பழகிவிட்டார்கள். பாடி வருகிறவனைத் தோளால் மோதி வெளியே தள்ளுவது. டிவியில் பார்த்தால் அவன் மெத்தையைத் தாண்டி வழுக்கிக்கொண்டு போவான், நம்மூரில் கம்பத்துக்குப் போவான்.

குழுத் தலைவர் ஒரு 25 வயசுத் தம்பி. கூப்பிட்டுச் சொன்னேன்.

"தம்பி, இந்தக் கம்பத்த நவுத்தோணும்."

"ஏனுங்ணா, லைட்டெல்லாம் கட்டியாச்சு. ஜெனரேட்டர்காரனும் போயிட்டானுங். நாங்க சாக்கு சுத்தி உட்டர்றோமுங். நீங்க ஆட்டத்தப் போடுங்."

சாக்கு சுற்றினார்கள். சணல் கயிற்றால் இரண்டு கட்டு. மண்டிக்காரன் கண்ணுக்கு சாக்கு தப்புமா? மஞ்சள் மூட்டை பிரித்த பழைய சாக்கு, இரண்டு சுற்று. கையால் அழுத்திப் பார்த்தேன், அடியில் இரும்பு அப்படியே தட்டுப்பட்டது. அழுத்திப் பார்த்தேன் என்பதை இங்கே மறைக்காமல் எழுதுகிறேன்.

கணக்குப்பிள்ளை புத்தி சும்மா இருக்காது. ஸ்கோர் ஷீட்டின் அடியில் எழுதி வைத்தேன்: 'வ.கி. மூலைக் கம்பம் கோட்டுக்கு மிக அருகில். குழுவிடம் சொல்லப்பட்டது. மணி 7.10.' கீழே என் கையெழுத்து. அதோடு என் கடமை முடிந்தது என்று நினைத்து விசிலை எடுத்தேன்.

கால் இறுதி ஆட்டம் ஆரம்பிக்கும்போது ராத்திரி பதினொன்றரை தாண்டிவிட்டது. பனி இறங்கி ஓரத்து மண் நசநசத்திருந்தது. பாடி வந்த பையனுக்கு 17 வயசு, பிளஸ் டூ. போனஸ் புள்ளி எடுத்துத் திரும்பும்போது மூலையில் நின்ற இருவர் சேர்ந்து ஒரு டேஷ். சுத்தமான ஆட்டம், தப்பே சொல்ல முடியாது. பையன் ஓரக்கோட்டைத் தாண்டிப் போனான். கம்பம் ஆடியது. மேலே லைட் ஆடியதில் தளத்தில் நின்ற எல்லார் நிழலும் ஒரு தடவை அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் போய் வந்தது. நான் அதைத்தான் முதலில் பார்த்தேன். பையனை அப்புறம்தான் பார்த்தேன்.

எழுந்து நின்றுவிட்டான். "ஒண்ணுமில்லீங் சார், ஆடறனுங்" என்றான். கண் ஒரு இடத்தில் நிற்கவில்லை. உட்கார வைத்தேன். அவன் அணி ஆள்கள் என்னோடு சண்டைக்கு வந்தார்கள், அவன்தானே நல்லாப் பாடுகிறவன். கூட்டத்திலிருந்து ஒரு பெரியவர் வந்து "தோளு எறங்கியிருக்குது, ஒரு இழுப்பு இழுத்தாச் செரியாப் போயிரும்" என்று கையைப் பிடித்தார். அந்தப் பக்கத்தில் சுளுக்கெடுப்பதில் பேர் போனவர். நல்ல மனுஷர்தான், ஆனால் அன்றைக்கு அவர் கையைத் தட்டிவிட்டேன். 108 வர 25 நிமிஷம். வண்டியில் ஏற்றும்போது வாந்தி எடுத்தான். காறை எலும்பு முறிவு, தலையில் உள்வீக்கம், ஆறு நாள் ஆஸ்பத்திரி. இப்போது நன்றாக இருக்கிறான், கல்லூரியில் படிக்கிறான். கபடி ஆடுவதில்லை.

மறுநாள் நாலு மணிக்கு ஸ்டேஷனில் கூப்பிட்டார்கள்.

போட்டி பிளெக்ஸில் அறுபது பேர் போட்டோ இருந்தது. கூலிங்கிளாஸ் போட்டவர், போனில் பேசுகிறவர், மூன்று மாசக் குழந்தை ஒன்றுகூட. ஆனால் குழு எங்கேயும் பதிவு செய்தது கிடையாது. அனுமதிக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டவர் திருப்பூருக்கு வேலைக்குப் போய்விட்டார், போன் சுவிட்ச் ஆப். அந்த ராத்திரியைப் பற்றித் தேதி, நேரம், கையெழுத்தோடு இருந்த ஒரே காகிதம் ஸ்கோர் ஷீட். அதில் இருந்த ஒரே கையெழுத்து என்னுடையது. எஸ்.ஐ. மரியாதையாகத்தான் பேசினார். காகிதத்தைத் திருப்பி என் பக்கம் வைத்து, "பொறுப்புன்னு வேற யாரு பேருமே இல்லீங்களே சார்" என்றார். சி.எஸ்.ஆர்., அதாவது புகார் வந்ததற்கான ரசீது, போட்டார்கள்.

பையனின் அப்பா தறி ஓட்டுகிறவர். ராத்திரி ஷிப்ட் முடித்து, தூங்காமல் வந்திருந்தார். சத்தம் போடவில்லை. என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டார்: "நீங்க விசில் ஊதாம இருந்திருந்தா ஆட்டம் நடந்திருக்குமாங்க?"

நான் பதில் சொல்லவில்லை. சொல்ல என்ன இருக்கிறது?

என் தங்கை மகள் கோவையில் சட்டம் படிக்கிறாள். அந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்தவளிடம் ஸ்கோர் ஷீட்டின் நகலைக் காட்டினேன், நான் எழுதி வைத்த குறிப்பைப் பெருமையாகத் தொட்டுக் காட்டினேன். படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசவில்லை. "மாமா, இது உங்களக் காப்பாத்தும்னு நெனச்சீங்களா? ஆபத்து இருக்குதுன்னு உங்களுக்குத் தெரியும்ங்கறதுக்கு இதுதானுங் சாட்சி. தெரிஞ்சுட்டு ஆட்டத்த உட்டிருக்கீங்க" என்றாள். தெரியாமல் விட்டிருந்தால் கவனக்குறைவு, தெரிந்தும் விட்டது அதைவிட மோசம். மணி வேறு போட்டிருக்கிறேன்.

அவள் சொல்லித் தெரிந்துகொண்டதை, என்னைப் போன்ற மற்ற நடுவர்களுக்கும் உதவும் என்று எழுதுகிறேன். 2024 ஜூலை முதல் இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதில் பாரதிய நியாய சன்ஹிதா நடப்பில் இருக்கிறது. அதன் 125-வது பிரிவு, அடுத்தவர் உயிருக்கோ உடம்புக்கோ ஆபத்து வரும்படி அசட்டையாக நடந்துகொள்வதைப் பற்றியது. காயம் ஏற்பட்டால் ஆறு மாதம் வரை, கொடுங்காயம் என்றால் மூன்று வருஷம் வரை சிறை. எலும்பு முறிந்தாலே அது கொடுங்காயம்தான். உயிர் போய்விட்டால் 106-வது பிரிவு, ஐந்து வருஷம் வரை. பழைய 304-ஏ பிரிவில் இது இரண்டு வருஷம். இவை எல்லாம் போலீஸ் கேஸ். இது போக, நஷ்ட ஈடு கேட்டு சிவில் கோர்ட்டுக்குப் போகும் வழி தனியாக இருக்கிறது.

"வெளையாட்டுன்னு தெரிஞ்சுதான எறங்கறான்? அடி படும்னு அவனுக்குத் தெரியாதா?" என்று கேட்டேன். நாங்கள் எல்லாரும் சொல்லித் தேற்றிக்கொள்கிற வாதம் இது. அதற்கும் சட்டத்தில் இடம் உண்டாம். பழைய 87-வது பிரிவு, இப்போது 25. இரண்டு பேர் பொழுதுபோக்குக்கு வாள்பயிற்சி செய்ய ஒத்துக்கொள்கிறார்கள், முறைகேடு இல்லாமல் ஆடும்போது ஒருவருக்குக் காயம் படுகிறது, அது குற்றமில்லை. 1860 சட்டத்தில் இருந்த வாள்பயிற்சி உதாரணம் அப்படியே இன்றைக்கும் இருக்கிறது. ஆனால் சம்மதிக்கிறவருக்கு 18 வயது தாண்டியிருக்க வேண்டும். நம்மூர்க் கபடியில் 55 கிலோப் பிரிவில் ஆடுகிறவன் எத்தனை பேருக்கு 18 தாண்டியிருக்கும்? நான் எடை போட்டு எடை போட்டு உள்ளே விட்டவன், சொல்கிறேன்: பாதிக்குப் பாதிகூட இருக்காது. (எடை மெஷின் பல ஊருக்கு எங்கள் மண்டியிலிருந்தே போகும். குதிகாலைத் தூக்கி எடையைக் குறைக்கப் பார்க்கிற பையன்களைப் பற்றித் தனியாக ஒரு கடிதம் எழுதலாம்.) எடையைப் பார்த்த நான் ஒரு நாளும் வயசைக் கேட்டதில்லை. அப்பா அம்மா கையெழுத்தைப் பற்றி நினைத்ததே இல்லை.

என் தூக்கத்தைக் கெடுத்தவை அவள் சொன்ன இரண்டு வெளிநாட்டு வழக்குகள். இரண்டும் ரக்பி. இரண்டு பக்கமும் எட்டு எட்டுப் பேர் தலையைக் குனிந்து ஒன்றுக்குள் ஒன்று கொடுத்து முட்டித் தள்ளுகிற 'ஸ்க்ரம்' என்கிற கட்டம் அந்த ஆட்டத்தில் உண்டு. 1991-ல் இங்கிலாந்தில் 19 வயசுக்குட்பட்டோர் ஆட்டம் ஒன்றில் அந்தக் கட்டு மறுபடி மறுபடி சரிந்து, 17 வயசுப் பையன் கழுத்து முறிந்து படுத்துவிட்டான். சின்னப் பையன்கள் நேராக மோதாமல் படிப்படியாகச் சேர வேண்டும் என்று அவர்களுக்கென்றே பாதுகாப்பு விதி இருந்தது. நடுவர் அதைச் சரியாக அமல் செய்யவில்லை என்று 1996-ல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அவரைப் பொறுப்பாக்கியது. ஆட்டத்தில் சாதாரணமாக வரும் அடிக்குப் பையன் சம்மதித்தான், நடுவர் தன் வேலையைச் செய்யாமல் விடுவதற்குச் சம்மதிக்கவில்லை என்பது தீர்ப்பின் சாரம்.

இன்னொன்று வேல்ஸ் நாட்டில், 1998 ஜனவரியில். பெரியவர்கள் ஆட்டம், அமெச்சூர் நடுவர். முன்வரிசை ஆள் ஒருவர் காயம்பட்டு வெளியேறுகிறார், அந்த இடத்தில் ஆடப் பயிற்சி பெற்ற மாற்று ஆள் இல்லை. அப்படியானால் முட்டுத் தள்ளு இல்லாமல் ஸ்க்ரம் நடத்த வேண்டும். ஆனால் அப்படி நடத்தினால் லீக் புள்ளி போய்விடும். நடுவர் என்ன செய்தார்? முடிவைக் கேப்டனிடம் விட்டார். கேப்டன் பழக்கமில்லாத ஒருவரை அந்த இடத்தில் நிறுத்தினார். ஆட்டம் முடியப் போகிற நேரத்தில் கடைசி ஸ்க்ரமில் ஒருவருக்கு முதுகுத்தண்டு போய்விட்டது. 2003-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது, அந்த முடிவு நடுவருடையது, அதை அவர் கை மாற்றிவிட்டிருக்கக் கூடாது.

என் தங்கை மகள் போனில் இதைப் படித்துத் தமிழில் சொல்லிக்கொண்டு வரும்போது எனக்குச் சாக்குதான் ஞாபகம் வந்தது. கம்பத்தை என்ன செய்வது என்கிற முடிவை நான் ஒரு 25 வயசுப் பையனிடம் விட்டேன். அவன் சாக்கைத் தேர்ந்தெடுத்தான்.

அந்தத் தீர்ப்புகள் நம் நாட்டுக் கோர்ட்டைக் கட்டுப்படுத்தாது. ஆனால் நம் கோர்ட்டுகளில் இங்கிலாந்துத் தீர்ப்பை எடுத்துக் காட்டுவது வழக்கம்தான் என்றாள். நடுவர்கள் பயந்து விசிலைக் கழற்றி வைக்க வேண்டியதுமில்லை. வேகமான ஆட்டத்தில் கண் சிமிட்டும் நேரத்தில் ஒன்றைக் கவனிக்காமல் விட்டால் அதற்காகவெல்லாம் நடுவரைப் பிடிக்கக் கூடாது என்று அந்த நீதிபதிகளே சொல்லியிருக்கிறார்களாம். கோடு மிதித்தானா, போனஸ் எடுத்தானா என்பதில் நான் தப்புப் பண்ணலாம், அதற்குத் திட்டு வாங்கலாம், கோர்ட்டுக்குப் போக வேண்டியதில்லை. ஆனால் சாவகாசமாக யோசிக்க நேரம் இருந்த விஷயங்களுக்கு அந்தச் சலுகை கிடையாது. கம்பம், ஈரத்தரை, நகம், மோதிரம், கழுத்துச் செயின், உடம்பில் தடவிய எண்ணெய் இதெல்லாம் விசிலுக்கு முன்னால் பார்க்க வேண்டியவை. நகத்தை வெட்டியிருக்க வேண்டும், எண்ணெய் தடவக் கூடாது என்று எங்கள் புத்தகத்திலேயே இருக்கிறது. கழுத்தை நெரிப்பதும் வாயைப் பொத்துவதும் காலால் கத்திரி போடுவதும் கூடாது என்பதும் அதிலேயே இருக்கிறது. இறுதிப் போட்டியில் உள்ளூர் அணி கத்திரி போட்டால் எத்தனை பேர் விசில் ஊதுகிறோம்?

வேல்ஸ் வழக்கில் ஒரு சங்கதியை மட்டும் நம் சங்கத்தார் கவனிக்க வேண்டும். நஷ்ட ஈட்டை அந்த நடுவர் தன் பையிலிருந்து கட்டவில்லை. அவரை அனுப்பி வைத்த நாட்டு ரக்பி சங்கம், அவர் பொறுப்பு எங்கள் பொறுப்பு என்று ஏற்றுக்கொண்டது. நமக்கு என்ன இருக்கிறது? "அண்ணா, சனிக்கெழம நைட்டு ப்ரீங்களா?" என்று ஒரு போன். அவ்வளவுதான் நியமன உத்தரவு. பாரதியார் தின, குடியரசு தினப் பள்ளிப் போட்டிகளுக்கு வரும் பி.டி. வாத்தியார்களுக்காவது ஆன்-டூட்டி உத்தரவு இருக்கிறது, அரசாங்கம் பின்னால் இருக்கிறது. மண்டியிலிருந்தும் தறியிலிருந்தும் பஸ் டிப்போவிலிருந்தும் வந்து ஊதுகிற எங்களுக்குப் பின்னால் அந்த 31 துண்டுகள்தான் இருக்கின்றன.

கேஸ் எப்படி முடிந்தது என்று கேட்பீர்கள். ஊர்ப் பெரியவர்கள் உட்கார்ந்து பேசி, குழு எழுபதாயிரமும் நான் இருபதாயிரமும் ஆஸ்பத்திரிச் செலவுக்குக் கொடுத்து, எழுதி வாங்கிக்கொண்டோம். மண்டி முதலாளி முன்பணம் தந்தார், மாசம் இரண்டாயிரம் பிடித்துக்கொண்டார். வக்கீல் பீஸ், அலைச்சல் தனி. ஒரு ராத்திரிக்கு 700 ரூபாய் என்று கணக்குப் போட்டால் 28 ராத்திரிக்கு மேல் ஊதிச் சேர்த்தது. கணக்குப்பிள்ளைக்கு இந்தக் கணக்கு வராமல் போகுமா?

இன்சூரன்ஸ் விசாரிக்கப் போனேன். விழா நடத்துகிறவர்கள் எடுக்கிற பொதுப் பொறுப்புப் பாலிசி, அதாவது விழாவில் அடுத்தவருக்கு அடிபட்டால் நஷ்ட ஈடு கட்டுகிற பாலிசி, இருக்கிறது என்றார்கள். தனி நடுவர் ஒருவர் எடுப்பதென்றால், அந்த ஆபீசர் பாரத்தை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டு, "உங்க தொழிலுக்கு டிக் அடிக்க எடமே இல்லீங்களே" என்றார். சிரிக்கத்தான் செய்தோம் இருவரும். எங்களுக்கே அடி பட்டால்? அதற்காவது பிரதமரின் விபத்துக் காப்பீடு இருக்கிறது, பேங்கில் வருஷத்துக்கு 20 ரூபாய், 70 வயது வரை. விபத்தில் இறந்தால் இரண்டு லட்சம். சக நடுவர்களுக்குச் சொல்கிறேன், அதையாவது போட்டு வையுங்கள். ஆனால் அது நமக்கு நேரும் விபத்துக்கு. நம்மால் நேர்ந்ததாகச் சொல்லப்படுவதற்கு அதில் ஒரு காசும் வராது. சாலை விபத்தில் அடிபட்டவனைத் தூக்குகிறவருக்கு மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019-ல் 134-ஏ என்று ஒரு பாதுகாப்புப் பிரிவு சேர்த்தார்கள். அதுவும் சாலைக்குத்தான். மைதானத்தில் நல்லெண்ணத்தோடு தூக்கி, தப்பாகத் தூக்கிவிட்டால் அந்தப் பிரிவு நமக்கு வராது. அந்தச் சுளுக்கெடுக்கிற பெரியவரின் கையை நான் தட்டிவிடாமல் இருந்திருந்தால் என்னவாகியிருக்குமோ என்று இப்போதும் நினைப்பேன்.

2022 ஜூலையில் பண்ருட்டி பக்கம் ஆட்டத்திலேயே ஒரு பையன் விழுந்து இறந்தான். அந்த வீடியோ எல்லார் போனிலும் வந்தது. அடுத்த ஞாயிறு நாங்களும் தளத்தில் ஒரு நிமிஷம் நின்று மௌனம் காட்டினோம். மௌனம் முடிந்ததும் அதே தளத்தில், அதே கம்பங்களுக்கு நடுவில், அடுத்த ஆட்டத்துக்கு விசில் ஊதினோம். ஆம்புலன்ஸ் நிற்கிறதா என்று நான் அன்றைக்கும் கேட்கவில்லை.

அழகுமலையில் ஜல்லிக்கட்டு நடக்கிறது. 2017 விதிகளின்படி இரட்டைத் தடுப்பு, ஆம்புலன்ஸ், ஆடுகிறவருக்கு மருத்துவப் பரிசோதனை, கலெக்டர் அனுமதி எல்லாம் உண்டு. மாடு குத்தும் என்று அரசாங்கத்துக்குத் தெரியும். இரும்புக் கம்பம் குத்தும் என்று யாராவது எழுதிக் கொடுத்தால்தான் தெரியும் போலிருக்கிறது. கபடிக்கும் ஸ்டேஷனில் அனுமதி வாங்கித்தான் நடத்துகிறார்கள். அந்த அனுமதிக் காகிதத்திலேயே ஒரு பத்தி சேர்த்தால் போதும்: நடத்துகிறவர் இருவர் பெயர், ஆதார் நகல், விழாவுக்கு எடுத்த பொதுப் பொறுப்புப் பாலிசி, 18 வயது நிரம்பாதவர்களுக்குப் பெற்றோர் கையெழுத்து, நடுவர் 'தளம் சரியில்லை' என்று சொன்னால் ஆட்டம் கிடையாது என்கிற ஒரு வரி. பெற்றோர் கையெழுத்து வாங்கிவிட்டால் நம் கவனக்குறைவு மன்னிக்கப்படும் என்று யாரும் நினைக்க வேண்டாம், மன்னிக்கப்படாது. ஆனால் பையன் எங்கே, எத்தனை மணி வரை ஆடுகிறான் என்பது அப்பனுக்குத் தெரிந்திருக்கும். விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் முதலமைச்சர் கோப்பைக்கு எவ்வளவோ செலவு செய்கிறது. தேர்வு எழுதித் தேறிய நடுவர்களை மாவட்ட வாரியாகச் சேர்த்து ஒரு குழுப் பாலிசி எடுத்தால் என்ன? எங்கள் பங்கை நாங்கள் கட்டுகிறோம். மாவட்டச் சங்கங்கள் இன்ன தேதி, இன்ன ஊர், இன்னாரை அனுப்புகிறோம் என்று வாட்ஸப்பில் ஒரு வரி போட்டாலே, பாதி வழி வந்த மாதிரி.

அந்தக் கடைசி வரியை, நடுவர் சொன்னால் ஆட்டம் கிடையாது என்பதை, நான் ஏன் காகிதத்தில் கேட்கிறேன் என்றால், வாயால் சொல்லிப் பார்த்திருக்கிறேன். ஆறேழு வருஷத்துக்கு முன்னால் தாராபுரம் பக்கம் ஒரு ஊரில் மழை பெய்து தளம் சேறாகிவிட்டது. அரை இறுதி நடத்த முடியாது என்றேன். மைக்கில் என் குலம் கோத்திரம் எல்லாம் வந்தது. வெளியே வந்து பார்த்தால் வண்டியில் இரண்டு டயரிலும் காற்று இல்லை. நாலு கிலோமீட்டர் தள்ளிக்கொண்டு வந்தேன். வாய்க்கால் ஊரில் சாக்கு சுற்றுகிறோம் என்று அந்தத் தம்பி சொன்னபோது, என் மனசில் ஓடியது அந்த நாலு கிலோமீட்டர்தான். இதை நான் ஸ்டேஷனில் சொல்லவில்லை. பையனின் அப்பாவிடமும் சொல்லவில்லை. பயத்துக்கு அலட்சியம் என்று பேர் வைத்தால் வைத்துக்கொள்ளட்டும், செய்தியில் அந்தச் சொல்லைப் போடும்போது கம்பம் எவ்வளவு தூரத்தில் இருந்தது, ஆம்புலன்ஸ் இருந்ததா, நடத்தியவர் பெயர் என்ன என்றும் உங்கள் நிருபர் கேட்டு எழுத வேண்டும் என்பது என் வேண்டுகோள்.

இப்போது என் பையில் விசிலோடு 5 மீட்டர் டேப் ஒன்று இருக்கிறது. இந்தத் தையில் சென்னிமலைப் பக்கம் ஒரு ஊருக்குப் போனேன். மூலைக் கம்பம் கோட்டிலிருந்து ஐந்தரை அடி. டேப்பை விரித்துக் காட்டினேன். வழக்கம்போல "சாக்கு சுத்தி உட்டர்றோமுங்" என்றார்கள். விசிலைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். கம்பத்தைப் பிடுங்கி, குழி தோண்டி, வயரை நீட்டி, மறுபடி நட்டு, லைட் போட ஒன்றே கால் மணி நேரம். அதுவரை கூட்டம் என்னைப் பார்த்து என்னவெல்லாம் சொன்னது என்பது வேண்டாம். ஆட்டம் விடிய நாலரைக்கு முடிந்தது. ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. காசு கொடுக்கும்போது துண்டு போர்த்தவில்லை.

பங்குனித் திருவிழாவுக்கு அந்த ஊரில் மறுபடி போட்டி நடந்தது. வேறு ஒருவரைக் கூப்பிட்டுக்கொண்டார்கள். எனக்குத் தெரிந்தவர்தான். போன் செய்து, மூலைக் கம்பம் எங்கே நட்டிருந்தார்கள் என்று கேட்டேன்.

"கவனிக்கலீங்ணா" என்றார்.

இப்படிக்கு,
ஒரு கபடி நடுவர்,
கோபிசெட்டிபாளையம் வட்டம்.

(பெயரும் முகவரியும் தனித்தாளில் இணைத்திருக்கிறேன். அச்சிட வேண்டாம்.)